90733: பிரிட்டனில் ஒன்றுகூட மிஞ்சாத எஞ்சின், ஸ்வீடனிலிருந்து ஊர் திரும்பிய நிகழ்வு

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், கீத்லி என்ற ஆலை நகரத்திலிருந்து ஆக்ஸன்ஹோப் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் நீராவி ரயில் பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையின் எஞ்சின்களுள் கறுப்பு நிறச் சரக்கு எஞ்சின் ஒன்றின் கேபின் பக்கத்தில் 90733 என்று எழுதியிருக்கும். பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய பதிவேடுகளை எவ்வளவு புரட்டினாலும் இந்த எண் கிடைக்காது. இந்த வகை எஞ்சின்களுக்கு அந்த நிறுவனம் கொடுத்த எண்கள் 90000-ல் தொடங்கி 90732-ல் முடிந்துவிட்டன. மொத்தம் 733 எஞ்சின்கள். அவை அனைத்தும் 1967-ஆம் ஆண்டுக்குள் பணியிலிருந்து நீக்கப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்பட்டு, உடைக்கப்பட்டன. 90733 என்ற எண்ணைத் தாங்கி நிற்கும் எஞ்சின் பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. அது ஸ்வீடனிலிருந்து கொண்டுவரப்பட்டது.

பிரிட்டனில் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குப் போன நீராவி எஞ்சின்களைத் திரும்பக் கொண்டுவந்து பாதுகாத்த முயற்சிகள் பல உண்டு. அவற்றுள் இந்த ஒன்றை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. புகழ்பெற்ற எஞ்சின் ஒன்று திரும்பி வரும்போது அதன் பெயரும் புகழும் கூடவே வந்து வேலையைப் பாதி முடித்துவிடுகின்றன. பெயரே இல்லாத, யாரும் விரும்பிப் படம் எடுக்காத ஒரு சரக்கு எஞ்சினைக் கடல் கடந்து கொண்டுவருவதும், வந்த பிறகு அதை எந்த உருவத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வதும் வேறு வகைச் சிக்கல். அந்தச் சிக்கலின் ஒவ்வொரு முடிச்சும் 90733-ல் இருக்கிறது.

போருக்காகச் செய்யப்பட்டது

இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஐரோப்பியக் கண்டத்தில் படைகள் இறங்கும் நாள் வந்தால் அவற்றின் பின்னால் ஆயுதங்களையும் எரிபொருளையும் உணவையும் இழுத்துச் செல்ல ஏராளமான எஞ்சின்கள் தேவைப்படும் என்பதை பிரிட்டிஷ் அரசு உணர்ந்திருந்தது. லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக ஸ்டேனியர் வடிவமைத்த 8எஃப் என்ற சரக்கு எஞ்சினே முதலில் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது நல்ல எஞ்சின்தான். ஆனால் அதைச் செய்ய நேரமும் தேர்ந்த கைகளும் உயர்ந்த உலோகமும் வேண்டும். போர்க்காலத்தில் இந்த மூன்றுக்கும் தட்டுப்பாடு.

ஆர். ஏ. ரிடில்ஸ் என்ற பொறியாளர் 8எஃப் வடிவத்தை எடுத்துக்கொண்டு, வேலைத் திறனைக் குறைக்காமல் செய்முறையை எவ்வளவு எளிமையாக்க முடியுமோ அவ்வளவு எளிமையாக்கினார். 8எஃப்-இன் கொதிகலன் முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்று இருக்கும். அதன் தகடுகளை அந்தச் சரிவுக்கு ஏற்ப வளைப்பது நுணுக்கமான வேலை. ரிடில்ஸ் அதை விட்டுவிட்டு, நேரான உருளை வடிவக் கொதிகலனை வைத்தார். தட்டையான மேற்புறம் கொண்ட ஃபயர்பாக்ஸுக்கு (கரி எரியும் அறை) பதிலாக, வளைந்த மேற்புறம் கொண்ட எளிய ஃபயர்பாக்ஸ் வந்தது. வார்த்தும் அடித்தும் உருவாக்க வேண்டிய உறுப்புகள் பலவற்றின் இடத்தில், வெட்டிப் பற்றவைத்த தகடுகள் வந்தன. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், அவற்றுக்குப் பின்னால் எட்டு இயக்குச் சக்கரங்கள் என்ற 2-8-0 அமைப்பு மாறவில்லை. இயக்குச் சக்கரத்தின் விட்டம் 4 அடி 8½ அங்குலம். தற்செயலாக அது அந்த எஞ்சின் ஓடிய தண்டவாளத்தின் அகலத்துக்குச் சமம். கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு, இழுவிசை 34,215 பவுண்டு. பின்னால் எட்டுச் சக்கர டெண்டர் ஒன்று. அதில் 5,000 கேலன் தண்ணீரும் 9 டன் கரியும் கொள்ளும்.

முதல் எஞ்சின் 1943 ஜனவரியில் வெளிவந்தது. 1945-க்குள் 935 எஞ்சின்கள் செய்து முடிக்கப்பட்டன. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 545 எஞ்சின்களையும், லங்காஷயரில் நியூட்டன்-லெ-வில்லோஸ் ஊரில் இருந்த வல்கன் ஃபவுண்டரி 390 எஞ்சின்களையும் செய்தன. இந்த வல்கன் ஃபவுண்டரி இந்தியாவுக்கும் பழக்கமான பெயர்தான்: 1853-ல் பம்பாயிலிருந்து தானே வரை சென்ற நம் நாட்டின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த எஞ்சின்கள் அங்கிருந்தே கப்பலேறி வந்தவை.

போர்த்துறையின் (வார் டிபார்ட்மென்ட்) உடைமை என்பதால் இவற்றை ரயில்வேக்காரர்கள் டபிள்யூ.டி. என்றே அழைத்தார்கள். முதலில் பிரிட்டனுக்குள்ளேயே ஓடிய இவை, 1944 ஜூனில் நார்மண்டியில் படைகள் இறங்கிய பிறகு கண்டத்துக்கு அனுப்பப்பட்டன. குண்டுவீச்சில் சிதைந்த பாதைகளைச் சீராக்கி முடித்ததும், அந்தப் பாதைகளில் முதலில் ஓடிய எஞ்சின்களுள் இவையும் இருந்தன.

733-ல் ஒன்றுகூட ஏன் மிஞ்சவில்லை

போர் முடிந்ததும் இந்த எஞ்சின்கள் பங்கு பிரிக்கப்பட்டன. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே 200 எஞ்சின்களை வாங்கியது. ரயில்வே அரசுடைமை ஆன பிறகு, 1948 இறுதியில் மேலும் 533 வாங்கப்பட்டன. நெதர்லாந்து 184 எஞ்சின்களை எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கின் கௌலூன்-கான்டன் ரயில்வேக்கு 12 போயின.

சில ஆண்டுகள் தாங்கினால் போதும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை, பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும், இரும்பாலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே, பெரும்பாலும் மெதுவாக, பெரும்பாலும் இரவில் ஓடிய சரக்கு வண்டிகளே இவற்றின் பிழைப்பு. துடைத்துச் சுத்தம் செய்ய ஆளில்லாமல், எண்கூடத் தெரியாத அளவுக்குப் புகைக்கரி படிந்து கிடந்தன. ஓடும்போது எழுந்த ஓசையாலேயே மக்கள் இவற்றை அடையாளம் கண்டுகொண்டார்கள். பிஸ்டனும் அதோடு சேர்ந்த நீண்ட இணைப்புத் தண்டும் முன்னும் பின்னுமாக வேகமாக அசையும்போது, அந்த அசைவை ஈடுகட்டச் சக்கரங்களில் எதிர்எடை வைப்பது வழக்கம். சிக்கனத்துக்காக இந்த எஞ்சின்களில் அதைக் கைவிட்டிருந்தார்கள். விளைவாக எஞ்சின் முழுவதும் முன்னும் பின்னும் உலுக்கப்பட்டு, எஞ்சினும் டெண்டரும் ஒன்றையொன்று இடித்து இழுக்க, ‘டங், டங்’ என்ற ஓசை எழும். தண்டு, தாங்கி எல்லாம் தேய்ந்துபோன எஞ்சினில் அந்த ஓசை இன்னும் கூடும். நள்ளிரவில் படுக்கையில் கிடந்தபடியே, வந்துகொண்டிருப்பது எது என்று ரயில்வே ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்களாம்.

1950-களின் நடுவில் வந்த நவீனமயத் திட்டம் நீராவியின் முடிவைக் குறித்துவிட்டது. 1948-ல் ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்களோடு தொடங்கிய பிரிட்டிஷ் ரயில்வே, 1968 ஆகஸ்டில் தன் கடைசி நீராவி ரயிலை ஓட்டி முடித்தது. எந்தெந்த எஞ்சின்களை நாட்டின் சொத்தாகக் காப்பது என்று அரசு சார்பில் பட்டியல் போட்டபோது டபிள்யூ.டி. வகை அதில் இடம்பெறவில்லை. அதே ரிடில்ஸின் காலத்தில் உருவான 9எஃப் வகையில் ‘ஈவினிங் ஸ்டார்’ இடம்பிடித்தது. பிரிட்டிஷ் ரயில்வே செய்த கடைசி நீராவி எஞ்சின் என்ற பெருமை அதற்கு இருந்தது. தனியாரும் டபிள்யூ.டி. பக்கம் திரும்பவில்லை. சொந்தக் காசைப் போட்டு எஞ்சின் வாங்கும் ஆர்வலர், சிறு வயதில் நடைமேடையில் நின்று வியந்து பார்த்த பயணிகள் எஞ்சினைத்தான் வாங்குவார்.

தென் வேல்ஸின் பாரி ஊரில் இருந்த பழைய இரும்புக் கிடங்கு, பெட்டிகளை உடைக்கும் வேலையிலேயே மும்முரமாக இருந்ததால் எஞ்சின்களை உடைக்காமல் பல ஆண்டுகள் நிறுத்திவைத்திருந்தது. பழைய எஞ்சின்களைக் காக்கும் பிரிட்டனின் பாதுகாப்பு இயக்கத்துக்கு அதுவே பெரும் வாய்ப்பாக அமைந்து, அங்கிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் மீட்கப்பட்டன. அந்த 213-லும் ஒரு டபிள்யூ.டி. இல்லை. இவை கடைசி ஆண்டுகளில் யார்க்‌ஷயரிலும் வடகிழக்கிலுமே பெரும்பாலும் ஓடியவை. அந்தப் பகுதிகளின் கிடங்குகள் எஞ்சின் வந்த வேகத்திலேயே உடைத்துத் தள்ளின. 1967 செப்டம்பரில் கடைசி சில எஞ்சின்கள் நிறுத்தப்பட்டதோடு எல்லாம் முடிந்தது.

இதைப் பாதுகாப்பு இயக்கத்தின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்த பணமும் ஆட்களும் அவ்வளவுதான். ஆனாலும் பிரிட்டனில் மிக அதிக எண்ணிக்கையில் ஓடிய சரக்கு எஞ்சின்களுள் ஒன்று, ஒரு மாதிரிகூட மிஞ்சாமல் அழிந்தது என்பது உண்மை. எங்கும் நிறைந்திருக்கும் பொருளை யாரும் எடுத்து வைப்பதில்லை.

வல்கன் ஃபவுண்டரியிலிருந்து ஸ்வீடன் காடு வரை

நமது எஞ்சின் 1945 ஜனவரியில் வல்கன் ஃபவுண்டரியில் செய்து முடிக்கப்பட்டது. போர்த்துறை அதற்குக் கொடுத்த எண் 79257. உடனே கண்டத்துக்கு அனுப்பப்பட்ட அது, போர் முடிந்ததும் நெதர்லாந்து ரயில்வேயிடம் சேர்ந்து 4464 என்ற எண்ணைப் பெற்றது. போரில் எஞ்சின்களையும் பாலங்களையும் இழந்து நின்ற நெதர்லாந்துக்கு இந்த எஞ்சின்கள் பெரும் உதவியாக இருந்தன. ஆனால் அந்நாடு மிக விரைவாக மின்சார ரயிலுக்கு மாறிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளிலேயே இவை தேவைக்கு மிஞ்சியவை ஆயின.

1953-ல் ஸ்வீடன் அரசு ரயில்வே இவற்றுள் இரண்டை வாங்கி, 1930, 1931 என்று எண்ணிட்டது. 4464 அங்கே 1931 ஆயிற்று. ஸ்வீடன் தன் தேவைக்கு ஏற்ப அதை மாற்றியமைத்தது. பின்புறம் திறந்திருந்த கேபினில் அந்நாட்டுக் குளிர்காலத்தில் நிற்க முடியாது என்பதால், நான்கு பக்கமும் மூடிய கேபின் கட்டப்பட்டது. எஞ்சினையும் டெண்டரையும் சேர்த்துத் திருப்பும் அளவுக்கு அங்கிருந்த டர்ன்டேபிள்கள் நீளமாக இல்லாததால், எட்டுச் சக்கர டெண்டர் வெட்டிக் குறுக்கப்பட்டு ஆறு சக்கர டெண்டர் ஆனது.

அங்கேயும் அது அதிக நாள் ஓடவில்லை. 1950-கள் முடிவதற்குள் அதை நிறுத்தி, நாட்டின் பாதுகாப்புச் சேமிப்பில் வைத்தார்கள். இந்தச் சேமிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எஞ்சின் இன்று இருப்பதற்கு அதுவே காரணம். ஸ்வீடனில் போதிய நிலக்கரி கிடையாது. ஆற்று நீரிலிருந்து எடுக்கும் மின்சாரம் தாராளமாக உண்டு. ஆகவே அந்நாடு தன் முக்கியமான பாதைகளை முன்கூட்டியே மின்மயமாக்கிவிட்டது. பனிப்போர்க் காலத்தில் இதுவே ஓர் அச்சமாகவும் மாறியது. எதிரி மின் நிலையங்களைத் தாக்கினால் ரயில்கள் ஒரே நாளில் நின்றுவிடும். அப்படி ஒரு நாள் வந்தால் பயன்படட்டும் என்று, நல்ல நிலையில் இருந்த நீராவி எஞ்சின்களை எண்ணெய் பூசி, வேண்டிய கருவிகளோடு, நாட்டின் பல இடங்களில் காட்டுக்குள் மறைவான கொட்டகைகளில் நிறுத்தி வைத்தார்கள். அந்த நாள் வரவே இல்லை. பிரிட்டனில் 733 எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உடைபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவற்றின் உடன்பிறப்பு ஒன்று துருப்பிடிக்காமல் ஸ்வீடன் காட்டில் காத்துக்கிடந்தது.

1973

கீத்லி பாதையைப் பிரிட்டிஷ் ரயில்வே 1962-ல் மூடியது. உள்ளூர் மக்களும் ஆர்வலர்களும் கூடி அதை வாங்கி, 1968 ஜூனில் மீண்டும் திறந்தார்கள். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஹாவர்த் வழியாக ஏறிக்கொண்டே போகும் பாதை அது; கூட்டம் கூடக் கூட, பெட்டிகள் கூடக் கூட, வலுவான எஞ்சின் தேவைப்பட்டது. பாரி கிடங்கிலிருந்து வாங்கலாம் என்றால், கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்று, செம்பும் பித்தளையும் களவுபோன எஞ்சினை ஓட வைக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும். ஸ்வீடனின் சேமிப்பில் ஒரு டபிள்யூ.டி. இருக்கிறது, அதுவும் நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரிந்தபோது, அந்தச் செய்தியின் மதிப்பை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 1973-ல் அந்த எஞ்சின் கடல் கடந்து கீத்லி வந்து சேர்ந்தது.

இந்த இடமாற்றம் கைகூடியதற்குப் பின்னால் சில பொறியியல் உண்மைகள் இருக்கின்றன. ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் தண்டவாள அகலம் ஒன்றே. அதைவிட முக்கியமானது எஞ்சினின் உயரமும் அகலமும். பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் ஐரோப்பாவில் உள்ளவற்றைவிடக் குறுகலானவை. ஐரோப்பாவில் ஐரோப்பாவுக்காகவே செய்யப்பட்ட பெரிய எஞ்சின் எதையும் பிரிட்டனின் பாதையில் சும்மா ஓட்டிவிட முடியாது. டபிள்யூ.டி. பிரிட்டனில் செய்யப்பட்டு, பிரிட்டனின் பாதையில் ஓடியே துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்ததால், அது தொடக்கத்திலேயே அந்தக் குறுகலான அளவுக்குள் அடங்கியது. அதே பாதைக்காரர்கள் சில ஆண்டுகள் கழித்து, 1977-ல், போலந்திலிருந்து அமெரிக்காவின் எஸ்160 வகைப் போர்க்கால எஞ்சின் ஒன்றையும் வாங்கினார்கள். அதுவும் பிரிட்டனில் இறங்கிப் போகும்படி அதே அளவுக்குள் செய்யப்பட்ட வகைதான். பெருந்தொகை கொடுத்து வாங்கி, கப்பல் கூலியும் கொடுத்து, வந்த பிறகு முதல் பாலத்தின் அடியில் நுழையவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விவரத்தின் கனம் புரியும்.

வந்த எஞ்சின் ஸ்வீடன் உருவத்திலேயே, 1931 என்ற அதே எண்ணோடு, 1976 வரை அங்கே ரயில்களை இழுத்தது. பிறகு பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டதால் நிறுத்தப்பட்டது. ஓரமாக நின்ற அந்த நிலை மிக நீண்டது.

எந்த உருவத்தைக் காப்பது?

1990-களில் அதைச் சீரமைக்கத் தொடங்கியபோது பாதைக்காரர்கள் பெரிய முடிவொன்றை எடுத்தார்கள். எஞ்சினை வந்தபடியே ஓட வைக்காமல், பிரிட்டிஷ் ரயில்வேயின் டபிள்யூ.டி. எப்படி இருந்ததோ அப்படியே மீட்டுருவாக்குவது என்பது அந்த முடிவு. சொல்வதற்கு எளிது, செய்து முடிக்க 2007 ஆயிற்று.

மூடிய கேபின் போய், பிரிட்டனின் பழைய திறந்த கேபின் வரவேண்டும். அதைவிடக் கடினம் டெண்டர். ஸ்வீடன்காரர்கள் வெட்டிக் குறுக்கிய ஆறு சக்கர டெண்டருக்குப் பதிலாக எட்டுச் சக்கர டெண்டர் வேண்டும். டபிள்யூ.டி. டெண்டரின் தோற்றம் தனித்தன்மை கொண்டது: அடிச்சட்டத்தைவிட ஒடுக்கமான தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் உள்ளடங்கிய கரிப் பெட்டி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் எஞ்சினுக்கே ஈடான நீளம். அந்த டெண்டர் இல்லாமல் எஞ்சினின் உருவம் நிறைவாகாது என்பது பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் வைத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் கூடிய கைகள் தகடு வெட்டி, தொட்டி கட்டி, அதை மறுபடி உருவாக்கின. 2007-ல் அந்த எஞ்சின் கறுப்பு நிறத்தில், திறந்த கேபினோடும் எட்டுச் சக்கர டெண்டரோடும், 90733 என்ற எண்ணோடு ஓட்டத்துக்கு வந்தது.

இந்த முடிவில் இரண்டு கேள்விகள் உள்ளன. முதலாவது, ஸ்வீடன் செய்த மாற்றங்களை அழித்தது சரியா என்பது. எஞ்சினின் உண்மையான வாழ்க்கையில் அந்த மூடிய கேபினும் குறுகிய டெண்டரும் உண்டு. திறந்த கேபினோடு பிரிட்டிஷ் ரயில்வேயில் உழைத்த இருபது ஆண்டுகள் இல்லை. அருங்காட்சியகத் துறையின் கண்டிப்பான நெறிப்படி பார்த்தால், ஒரு பொருள் கடந்துவந்த மாற்றங்களும் அதன் சான்றுகளே. அவற்றை நீக்குவது ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பனிப்போர் அச்சத்தில் காட்டுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த காரணத்தால்தான் அந்த எஞ்சின் பிழைத்தது. அந்தக் காலத்தின் தழும்புகளே அதன் மேலிருந்து எடுக்கப்பட்டன.

ஆனாலும் பாதைக்காரர்களின் முடிவு சரியானது என்றே கருதுகிறேன். உலகில் பாதுகாக்கப்பட்ட டபிள்யூ.டி. 2-8-0 இது ஒன்றே. இதைப் போல இன்னும் இரண்டு மூன்று இருந்திருந்தால், ஒன்றை ஸ்வீடன் உருவத்திலும் மற்றொன்றைப் பிரிட்டன் உருவத்திலும் வைத்திருக்கலாம். ஒன்றே மிஞ்சிய நிலையில், அது தன்னை மட்டும் குறிக்கும் பொருளாக நின்றுவிட முடியாது. உடைபட்ட 733 எஞ்சின்களுக்கும் அதுவே உருவம் கொடுக்க வேண்டும். டபிள்யூ.டி.யில் கரி அள்ளிப்போட்டு முதுகு ஒடிந்த ஃபயர்மேனுக்கும், அந்தத் திறந்த கேபினில் மழையிலும் காற்றிலும் நின்ற டிரைவருக்கும், தாம் வாழ்ந்த வாழ்க்கையைத் தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேறு எந்த எஞ்சினும் நாட்டில் இல்லை.

இரண்டாவது கேள்வி எண்ணைப் பற்றியது. உடைபட்ட எஞ்சின் ஒன்றின் உண்மையான எண்ணை எடுத்து இதன்மேல் எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யும் பாதைகள் உண்டு. அவ்வாறு செய்திருந்தால், இன்னொரு எஞ்சினின் வரலாற்றை இது திருடிக்கொண்டிருக்கும். 90732-க்கு அடுத்த எண்ணைக் கொடுத்ததன் மூலம், ‘இந்த எஞ்சின் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம்’ என்று பதிவேடு தெரிந்தவருக்கு அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. 90732 எஞ்சினுக்கு, அது பிறந்த ஆலையின் நினைவாக, ‘வல்கன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வகையில் பிரிட்டிஷ் ரயில்வேயில் பெயர் தாங்கிய ஒரே எஞ்சின் அது. அதே ஆலையில் பிறந்த 79257 அதற்கு அடுத்த எண்ணைப் பெற்றது பொருத்தமாகவே அமைந்தது. இதே வழியை இன்னொரு முயற்சியிலும் காணலாம். டபிள்யூ.டி.யின் பெரிய வடிவமான 2-10-0 வகையில் இரண்டு எஞ்சின்கள் 1984-ல் கிரேக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டன. பிரிட்டிஷ் ரயில்வேயில் அந்த வகையின் எண்கள் 90750 முதல் 90774 வரை; வந்தவற்றுள் ஒன்றுக்கு 90775 என்று எண்ணிட்டார்கள்.

மற்ற திரும்புதல்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில்

‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ மீட்பு எல்லோரும் அறிந்தது. 1969-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போன அந்த எஞ்சின், உரிமையாளர் ஆலன் பெக்ளர் 1972-ல் திவாலானதால் கலிஃபோர்னியாவில் சிக்கிக்கொண்டது. வில்லியம் மெக்கால்பைன் அதை வாங்கி, பனாமா கால்வாய் வழியாக லிவர்பூலுக்குக் கொண்டுவந்தார். அதுவும் இதே 1973-ஆம் ஆண்டுதான். அங்கே இருந்த தடை பணமும் காலமும் மட்டுமே. எஞ்சின் யாருடையது, எந்த உருவத்தில் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

சிக்கலான நிகழ்வு 2012-ல் நடந்தது. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையைப் படைத்த ‘மல்லார்ட்’ எஞ்சினின் 75-ஆம் ஆண்டு விழாவுக்காக, அதே ஏ4 வகையில் உயிரோடிருக்கும் ஆறு எஞ்சின்களையும் ஒன்றுசேர்க்க யார்க்கின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் விரும்பியது. நான்கு பிரிட்டனில் இருந்தன. ‘ட்வைட் டி. ஐசன்ஹோவர்’ 1964-லும், ‘டொமினியன் ஆஃப் கனடா’ 1966-லும் கடல் கடந்து போனவை. முன்னது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே நகர அருங்காட்சியகத்திலும், பின்னது கனடாவின் மாண்ட்ரியல் அருகே உள்ள அருங்காட்சியகத்திலும் இருந்தன. இரண்டும் முறைப்படி கொடுக்கப்பட்ட நன்கொடைகள். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பது முறையாகாது. ஆகவே கடனாகக் கேட்டார்கள். இரண்டு எஞ்சின்களும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, 2012 அக்டோபரில் லிவர்பூல் வந்து சேர்ந்தன, வெளித்தோற்றம் சீரமைக்கப்பட்டன. 2013 ஜூலையில் ஆறும் யார்க்கில் ஒரே டர்ன்டேபிளைச் சுற்றி நின்றன. சொன்ன சொல் தவறாமல் 2014-ல் இரண்டும் திருப்பி அனுப்பப்பட்டன. அவை பிரிட்டனிலேயே தங்கியிருக்கக் கூடாதா என்று வருந்தியவர்கள் பலர். எனக்கும் அந்த வருத்தம் புரிகிறது. ஆயினும் அரை நூற்றாண்டாக அவற்றைக் கூரையின் கீழ் வைத்துக் காத்தவர்கள் அந்த இரு அருங்காட்சியகத்தார். அவற்றைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஸ்வீடனுக்கும் கீத்லிக்கும் இடையே இந்த இழுபறி எழவில்லை. ஸ்வீடனுக்கு அது தேவைக்கு மிஞ்சிய எஞ்சின். கீத்லிக்கு அது உலகில் வேறெங்கும் கிடைக்காத எஞ்சின். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பொருளின் மதிப்பு இப்படி வேறுபடும் நேரம் குறுகியது. மிஞ்சியவை என்று கருதப்பட்டவை ஒன்று உடைபடும், இல்லையென்றால் சொந்த நாட்டிலேயே அருமை தெரிந்து விலைக்குக் கிடைக்காமல் போகும். கீத்லிக்காரர்கள் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள்.

நுழையத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ‘லூ’ என்ற சிறிய எஞ்சின் இருக்கிறது. டெவனில் லின்டன் அண்ட் பார்ன்ஸ்டேபிள் என்ற குறுகிய அகல ரயில் பாதை 1935-ல் மூடப்பட்டபோது, அதன் எஞ்சின்களில் ‘லூ’ ஒன்றே உடைபடாமல் தப்பியது. 1936 செப்டம்பரில் ஸ்வான்சீ துறைமுகத்தில் ‘சபோர்’ என்ற கப்பலில் ஏறி, பிரேசிலுக்குப் போனது. அதற்குப் பிறகு அதைத் தேடிப் போனவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. அதே வடிவத்தில் ‘லிட்’ என்ற புதிய எஞ்சினை வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்வேயில் செய்து 2010-ல் ஓட விட்டார்கள். அருமையான வேலை அது. என்றாலும் ‘லூ’ இன்னும் எங்கோ துருவேறிக் கிடக்கிறதா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

79257-இன் கேபினும் டெண்டரும் புதியவை. அதன் சட்டமும் சிலிண்டர்களும் வல்கன் ஃபவுண்டரியில் போரின் கடைசிக் குளிர்காலத்தில் பொருத்தப்பட்டவை. எதிர்எடையைக் கைவிட்ட அந்தப் பழைய சிக்கனமும் சக்கரங்களில் அப்படியே இருக்கிறது. ஆகவே பெட்டிகளை இழுத்துக்கொண்டு அது ஹாவர்த்தை நோக்கி ஏறும்போது, எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையிலிருந்து அந்த ‘டங், டங்’ ஓசையும் எழுகிறது.